கண்களைத் திறந்து ஜெபிக்கும் மகள்

(நம் மருத்துவமனையின் ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை. அவர் பேசியபடியே, சிறு திருத்தங்களுடன் தருகிறோம்.)



இந்தக் கூடுகையில் போதகர் எழுந்து நின்றால் ஒரு சாட்சி வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். ஒருவர் வியாதியோடு வந்தார், மருத்துவர்கள் பாடுபட்டார்கள், நாம் ஜெபித்தோம், நடந்து வீடு போனார். அப்படிப்பட்ட சாட்சிகள் இந்த ஆண்டும் உண்டு. அவற்றைக் கண்காணிப்பாளர் ஐயா சொல்லுவார்கள். நான் சொல்ல வந்தது நான் செய்த ஒரு தவறைப் பற்றியும், அதை எனக்கு எடுத்துக் காட்டிய ஒரு கல்லூரி மாணவியைப் பற்றியும். இதற்குச் சாட்சி என்று பெயர் வைக்கலாமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அவள் பெயரைச் சொல்லமாட்டேன். சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். ஆனால் அவளுடைய இன்னொரு பெயரைச் சொல்ல அனுமதி தந்திருக்கிறாள். காதுகேளாதவர்கள் தங்களுக்குள் சைகையால் பெயர் வைத்துக்கொள்கிறார்கள். ஆட்காட்டி விரலால் இடது கன்னத்தை இரண்டு தடவை தொட்டால் அது அவள். சிரிக்கும்போது அந்த இடத்தில் குழி விழும். காதுகேளாதோர் பள்ளியில் சேர்ந்த முதல் வாரத்தில் தோழிகள் வைத்த பெயர் அது. ஞானஸ்நானப் பெயரைவிட அதுதான் தன் பெயர் என்கிறாள். (இதை அச்சில் எப்படிப் போடுவது என்று பத்திரிகை ஆசிரியர் தலையைச் சொறிகிறார்.)

அவளுக்கு 20 வயது. பிறவியிலேயே காது கேளாது. தகப்பனார் இல்லை. தாய் பீடி சுற்றுகிறவர்கள். மகள் விடுதியில் தங்கிப் பள்ளிப்படிப்பை முடித்து, இப்பொழுது சென்னையில் காதுகேளாதோருக்கென்று வகுப்புகள் உள்ள ஒரு கல்லூரியில் பி.காம். படிக்கிறாள். நம் திருநெல்வேலிச் சீமைக்கு இப்படிப்பட்ட பிள்ளைகள் புதிதல்ல. பிளாரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையார் பாளையங்கோட்டையில் காதுகேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். அதாவது நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக இவர்கள் நம் நடுவிலே படித்து, நம் ஆலயங்களிலே உட்கார்ந்து, நம் மருத்துவமனைக்கு வந்து போகிறார்கள். இறையியல் கல்லூரியில் எனக்கு எபிரெயு சொல்லிக்கொடுத்தார்கள், கிரேக்கு சொல்லிக்கொடுத்தார்கள். என் சபையில் மூன்றாம் வரிசையில் இருக்கிற ஒருவரிடம் "சாப்பிட்டாயா?" என்று கேட்பதற்கான சைகை ஒன்று நான் அறுபது வயதைத் தாண்டும்வரை எனக்குத் தெரியாது.

நடந்ததைச் சொல்லுகிறேன்.

அந்தத் தாய்க்குச் சர்க்கரை வியாதி. பாதத்தில் முள் குத்தியதை மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு பத்து நாள் வேலை பார்த்திருக்கிறார்கள். இங்கே கொண்டுவந்தபோது விரல்கள் கறுத்து, காய்ச்சல் கொதித்தது. மகள் செய்தி தெரிந்த அன்றே இரவு இரயிலில் கிளம்பி வந்துவிட்டாள். இரண்டு வாரத்தில் அவளுக்குப் பரீட்சை. மூன்று நாள் தாயின் கட்டிலடியிலேயே பாய் விரித்துப் படுத்திருந்தாள்.

நாலாம் நாள் காலையில் அறுவை மருத்துவர், முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தாக வேண்டும், இன்றைக்கே எடுக்க வேண்டும், தாமதித்தால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லிவிட்டார். தாய் காய்ச்சலிலும் தெளிவாக இருந்தார்கள். சம்மதம் கொடுத்துக் கைநாட்டும் வைத்தார்கள். "பிள்ளைகிட்ட மட்டும் சொல்லாதீங்க. பரீட்சை முடியட்டும்" என்றார்கள். தாயின் தம்பி உடன் இருந்தார். அவர் என்னைப் பார்த்து, "அவகிட்ட எப்படிய்யா சொல்ல? ஊமப்பிள்ள. அழுது ஊரக் கூட்டிருவா" என்றார். பிள்ளையை அந்த நேரத்தில் அப்புறப்படுத்த ஒரு வழியும் கண்டுபிடித்தார். காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறது, போய் எடுத்து வா என்று எழுதிக் காட்டி அனுப்பினார். போக வர மூன்று மணி நேரம்.

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சற்று முன்புதான் தாய்மாமனோடு ஜெபித்துவிட்டு வந்திருந்தேன். அவள் என்னைத் தாண்டிப் போகும்போது நின்று, வார்டுப் பக்கம் கை காட்டி, புருவத்தை உயர்த்தி, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கிறாள். அதைப் புரிந்துகொள்ள ஒரு படிப்பும் வேண்டியதில்லை. நான் புன்னகைத்தேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவளும் சிரித்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

அவள் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்து, தாயை வார்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மயக்கம் முழுவதும் தெளியவில்லை. பிள்ளை தினமும் செய்கிறதுபோலப் போர்வையைக் கால்பக்கம் இழுத்துச் சரிசெய்யப் போனாள். அப்பொழுதுதான் தெரிந்துகொண்டாள்.

தாய்மாமன் பயந்தபடி அவள் ஊரைக் கூட்டவில்லை. சிற்றாலயத்தை ஒட்டிய என் அறைக்கு வந்து, காப்பீட்டு அட்டையின் ஜெராக்ஸ் பிரதியைத் திருப்பி வைத்து, அதன் பின்பக்கத்தில் எழுதினாள். அந்தத் தாள் என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. அவள் எழுதியபடியே வாசிக்கிறேன்: "அம்மா கால் இல்லை. மாமா தெரியும். நர்ஸ் தெரியும். ஐயா தெரியும். நான் மட்டும் தெரியாது. ஐயா கட்டைவிரல் பொய்."

இந்த வாக்கியங்களைக் கேட்டு, பி.காம். படிக்கிற பிள்ளை இப்படியா தமிழ் எழுதும் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாம் தமிழைத் தாய் மடியில் கேட்டே பழகினோம். அவள் ஒரு தடவைகூடக் கேளாத மொழியைப் புத்தகத்தில் பார்த்துக் கற்றிருக்கிறாள். சைகை மொழிக்கு வேறு இலக்கணம். நம் வேற்றுமை உருபெல்லாம் அதில் இல்லை. நீங்களும் நானும் சீன மொழியைச் சத்தமே இல்லாமல் கண்ணால் மட்டும் படித்து அவளைப்போல் ஆறு வாக்கியம் எழுதிவிட்டால் மாலை போட்டுப் பாராட்டுவார்கள்.

"மன்னித்துக்கொள் பிள்ளாய்" என்று எழுதிக் கொடுத்தேன். அதன் கீழே, "பிள்ளை இல்லை. 20 வயது. ஓட்டு போட்டேன்" என்று எழுதினாள்.

எனக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது போதகர்கள் செய்வதைச் செய்தேன். அவள் தலையில் கை வைத்து, கண்களை மூடி, நீண்ட ஜெபம் ஒன்று செய்தேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்குப் பிறகு வருகிறேன்.

தாய் இருபத்துநாலு நாள் இங்கே இருந்தார்கள். மத்தியானம் கட்டு மாற்றி முடிந்து தாய் தூங்கும் நேரத்தில் நான் ஒரு நோட்டுப்புத்தகத்தோடு போய் உட்காருவேன். முதல் இரண்டு நாள் அவள் என்னைக் கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் நாள் நோட்டை வாங்கி, "ஐயா வேலை இல்லையா?" என்று எழுதினாள். அப்படித்தான் பேச்சு ஆரம்பமானது.

பேச்சு என்றுதான் சொல்லுகிறேன். அவளுக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது ஊமை. "ஊமை இல்லை. நிறைய பேசுவேன். விடுதி அக்கா திட்டு" என்று எழுதினாள். விடுதியில் இரவு விளக்கணைத்த பிறகும் செல்போன் டார்ச்சை ஒருத்தி பிடித்துக்கொள்ள, அந்த வெளிச்சத்தில் மற்றவர்கள் கையால் பேசிக்கொண்டிருப்பார்களாம். கரண்ட் போனால் நமக்கு மின்விசிறிதான் நிற்கும், அவர்களுக்குப் பேச்சே நின்றுபோகும். அதே சமயம் நமக்கில்லாத வசதிகள் அவர்களுக்கு உண்டு. வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசலாம். இந்த மாடியிலிருந்து அந்த மாடிக்குப் பேசலாம். பஸ் கிளம்பிய பிறகும் கண்ணாடி வழியே பேசிக்கொண்டே போகலாம். வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் எழுதத் திரும்பியதும் அத்தனை பேரும் பேசுவார்களாம், ஆசிரியருக்குத் தெரியவே தெரியாதாம். ஆனால் ஆசிரியரும் விஷயம் தெரிந்தவர். திடீரென்று திரும்புவார். கை அந்தரத்தில் நின்றுவிடும். இதை அவள் நடித்துக் காட்டினபோது பக்கத்துக் கட்டில் பாட்டி தையல் வலிக்கிறது, சிரிக்க வைக்காதே என்று கெஞ்சினார்கள்.

காலையில் அவளை எழுப்புவது தலையணைக்கு அடியில் அதிர்கிற செல்போன். வீட்டோடு பேசுவது வீடியோ அழைப்பில். தாய்க்குப் படிக்கத் தெரியாது. ஆகையால் பத்து வருஷத்துக்கு முன் என்றால் விடுதியிலிருந்து தாயோடு நேரில் பேச இவளுக்கு வழியே இருந்திருக்காது. இன்று தாயும் மகளும் அவர்களுக்குள் உண்டாக்கிக்கொண்ட வீட்டுச் சைகையில் தினமும் பேசுகிறார்கள். ஒரே கஷ்டம், படம் ஓடிக்கொண்டே இருப்பதால் அன்றைய டேட்டா சாயங்காலம் நாலு மணிக்கே தீர்ந்துவிடும். மற்றப் பிள்ளைகளுக்குச் சினிமா பார்த்துத் தீருகிறது, இவளுக்குப் பேசித் தீருகிறது.

இரயிலில் பாதிக் கட்டணச் சலுகை உண்டு. பிரயாணத்தில் சிரமம் கட்டணத்தில் இல்லை, அறிவிப்பில்தான். நடைமேடை மாறினால் ஒலிபெருக்கியில் சொல்லுவார்கள். இவள் என்ன செய்வாள்? "எல்லாரும் எழுந்தால் நானும் எழுந்து ஓடு." ஒருமுறை எல்லாரும் எழுந்தார்கள், இவளும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பார்த்தால் மழைச்சாரல் அடித்ததற்காக ஒதுங்கியிருக்கிறார்கள்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாமே என்று நாம் நினைக்கிறோம். நானும் அவளிடம் வாயை அகலத் திறந்து சத்தமாகப் பேசிப் பார்த்தவன்தான். நீங்கள் வீட்டில் கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் "அம்மா" என்றும் "அப்பா" என்றும் சொல்லிப் பாருங்கள். உதட்டில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். "பணம்", "மனம்" இரண்டும் அப்படியே. (இந்தக் கடைசி உதாரணத்தைக் கேட்டு நம் பொருளாளர் மட்டும் சிரிக்கிறார்.) இதிலே செவிலியர்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டால் அந்த அரைகுறையும் போயிற்று. அந்த மூன்று நாளும் தன் தாயைச் சுற்றி நின்று பேசினவர்களின் கண்களை மட்டுமே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்பொழுது அவளுடைய ஆசைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். காதுகேளாத பிள்ளை என்றதும் நான் மனதில் வரைந்து வைத்திருந்த படம், ஜன்னல் ஓரத்தில் மௌனமாக உட்கார்ந்திருக்கிற ஒரு சாந்த சொரூபி. இவளோ ஒரு மாதம் ஒன்றில் நிலைக்கிறவள் அல்ல. 2022-இல் பிரேசில் தேசத்தில் காதுகேளாதோர் ஒலிம்பிக் நடந்தபோது நம் மதுரைப் பெண் ஜெர்லின் அனிகா இறகுப்பந்தில் மூன்று தங்கப் பதக்கம் வாங்கினார் அல்லவா? உடனே இவளுக்கும் மட்டை வேண்டும். தாய் பீடிக் கணக்கில் முன்பணம் வாங்கி மட்டை வாங்கிக்கொடுத்தார்கள். மூன்று மாதம் விளையாடினாள். மட்டை இப்பொழுது வீட்டுப் பரணில் இருக்கிறது. ஆனால் அந்தப் போட்டிகளைப் பற்றிய சகலமும் அவளுக்குத் தெரியும். முதன்முதல் பாரீசில் 1924-இல் நடந்தது, ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தத்தோடு விளக்கு மின்னும், காதுக்கருவி போட்டுக்கொண்டு ஆடக்கூடாது, எல்லாரும் கழற்றி வைத்துவிட வேண்டும் என்றெல்லாம் எனக்குச் சொன்னாள்.

அதற்குப் பிறகு நகத்தில் படம் வரைவது. அதற்குப் பிறகு கொரிய நாடகங்கள். அதில் அவளுக்கு ஒரு மனக்குறை உண்டு. பிறமொழி நாடகத்தைத் தமிழில் குரல் கொடுத்துப் போடுகிறார்கள், வார்டு முழுவதும் சந்தோஷமாகப் பார்க்கிறது. அவளுக்கு அது பிரயோஜனமில்லை. அடியில் எழுத்து ஓட வேண்டும், அது பெரும்பாலும் இங்கிலீஷில்தான் ஓடுகிறது. பள்ளிப் பரீட்சையில் இவர்களுக்கு ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு உண்டு. இவள் இங்கிலீஷை விட்டுவிட்டாள். கல்லூரியில் புத்தகமோ இங்கிலீஷ். அந்தப் பள்ளத்தைப் பாதியாவது நிரப்பினது கொரிய நாடகந்தான் என்கிறாள். நான் ஆச்சரியப்பட்டேன், கண்டிக்கவில்லை.

கிரிக்கெட் மட்டும் வந்து போகிற ஆசை அல்ல. எல்.பி.டபிள்யூ. என்றால் என்ன என்று நாற்பது ஆண்டுகளாக என் தம்பிமார் வாயால் சொல்லி எனக்குப் புரியாததை இந்தப் பிள்ளை இரண்டு கையாலும் ஒரு மாத்திரை டப்பாவாலும் காட்டிப் புரிய வைத்தாள்.

எங்கள் வார்டில் இருந்த நாட்களில் அவளுக்குப் பிடித்திருந்த ஆசை ஒரு கல்லூரி. அமெரிக்காவில் வாஷிங்டன் நகரத்தில் உள்ள காலடெட் பல்கலைக்கழகம். அங்கே பாடம் நடத்துவதும் பழகுவதும் எல்லாம் சைகையில்தான். அதன் வீடியோக்களைச் செல்போனில் காட்டிக்கொண்டே இருப்பாள். இதுவும் இறகுப்பந்து மட்டைபோலப் பரணுக்குப் போய்விடும் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் நான் பழைய புத்தகப் பிரியன். அந்தப் பெயரைத் தேடிப் படித்தேன். தாமஸ் காலடெட் என்பவர் என்னைப்போல் இறையியல் கல்லூரியில் படித்து வெளியே வந்த ஒரு வாலிபர். பக்கத்து வீட்டில் ஆலிஸ் காக்ஸ்வெல் என்ற காதுகேளாத சிறுமி. அந்தப் பிள்ளைக்குக் கற்பிக்க ஒரு வழி தேடி ஐரோப்பாவுக்குப் போய், பாரீசிலிருந்து லோரான் கிளேர் என்னும் காதுகேளாத ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இருவரும் 1817-இல் ஹார்ட்ஃபோர்டில் பள்ளி தொடங்கினார்கள். இதனால்தான் அமெரிக்கர் பேசுவது இங்கிலீஷ் என்றாலும் அமெரிக்கக் காதுகேளாதோரின் சைகை பிரெஞ்சுச் சைகைக்கு உறவு. இங்கிலாந்தின் சைகை அவர்களுக்கு விளங்காது. சைகை உலகமெங்கும் ஒன்று என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு இது புதிய செய்தி. வாஷிங்டன் கல்லூரி பட்டம் கொடுக்க 1864-இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். அதன் முதல் தலைவர் தாமஸ் காலடெட்டின் மகன்.

இதை நான் பெருமையாக எழுதிக் காட்டினேன். அவள் அதற்கு மேல் ஒன்று காட்டினாள். அந்தக் கல்லூரிக்கு 1988 வரை காதுகேளாத ஒருவர் தலைவரானதே இல்லை. அந்த ஆண்டு மார்ச் மாதம் மறுபடியும் காது கேட்கிற ஒருவரையே நியமித்தார்கள். மாணவர்கள் வாசல்களை அடைத்து ஒரு வாரம் போராடினார்கள். பிறகுதான் கிங் ஜோர்டன் என்பவர் முதல் காதுகேளாத தலைவரானார். நூற்றிருபது வருஷத்துக்கு மேல் நல்லவர்களே நடத்தின கல்லூரி! ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. இதை வாசித்தபோது தாய்மாமனும் நானும் சேர்ந்து ஜெபித்த அந்தக் காலைநேரம் நினைவுக்கு வந்தது.

இன்னொன்றும் வாசித்தேன், அது நம்மைச் சேர்ந்தது. 1880-இல் மிலான் நகரத்தில் காதுகேளாதோர் கல்வியாளர்கள் மாநாடு கூடி, வகுப்பில் சைகை கூடாது, வாய்ப்பேச்சுப் பயிற்சியே வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அந்தக் காற்று உலகம் முழுவதும் வீசியது. எத்தனையோ பள்ளிகளில் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. 2010-இல் வான்கூவரில் கூடிய அதே மாநாடு அந்தத் தீர்மானங்களைத் தவறென்று தள்ளியது. நூற்றுமுப்பது ஆண்டு! நம் தேசத்தில் 2015-இல் டில்லியில் இந்திய சைகை மொழிக்கென்று ஒரு மையம் ஏற்பட்டு, 2021-இல் பத்தாயிரம் சொற்களுள்ள அகராதி வந்திருக்கிறது. அதை அவள் செல்போனில் வைத்திருக்கிறாள். "நம்ம ஊர் சைகை சிலது வேற" என்று குறையும் சொல்லுகிறாள்.

இனி அந்த ஜெபத்துக்கு வருகிறேன். தாய்க்குத் தையல் பிரித்த அன்று ஸ்தோத்திர ஜெபம் செய்வோம் என்று எழுதிக் காட்டி, கட்டிலண்டை நின்று கண்ணை மூடினேன். என் சட்டைக் கையை யாரோ இழுத்தார்கள். அவள்தான். நோட்டை வாங்கி எழுதினாள்: "ஐயா கண் மூடினால் நான் தனியா."

அன்பானவர்களே, ஊழியத்துக்கு வந்த நாள்முதல் எத்தனை ஆயிரம் தடவை "கண்களை மூடி ஜெபிப்போம்" என்று சொல்லியிருப்பேன்! கண்களை மூடச் சொல்லி வேதத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று அன்று இரவு தேடினேன். எனக்கு ஓர் இடமும் அகப்படவில்லை. லாசருவின் கல்லறையண்டையில் ஆண்டவர் கண்களை ஏறெடுத்துத்தான் ஜெபித்தார். மாற்கு ஏழாம் அதிகாரத்தில் தெக்கப்போலி நாட்டில் காதுகேளாத மனுஷனை அவரிடத்தில் கொண்டுவருகிறார்கள். அந்தப் பகுதியைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். எப்பத்தா என்ற வார்த்தையிலேயே போய் நிற்பேன். அதற்கு முன்பு நடந்ததைக் கவனித்ததில்லை. அவனைக் கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துப்போகிறார். காதைத் தொடுகிறார். நாவைத் தொடுகிறார். வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். பெருமூச்சு விடுகிறார். மார்பு ஏறி இறங்குவதைக்கூட அவன் பார்த்திருப்பான். காதுகேளாத ஒருவன் கண்ணால் கண்டு விளங்கிக்கொள்ளும்படி ஒவ்வொன்றாய்ச் செய்த பிறகே வாய் திறந்து அந்த வார்த்தையைச் சொல்லுகிறார். லூக்கா முதல் அதிகாரத்திலும், பிள்ளைக்கு என்ன பேர் என்று சகரியாவிடம் உறவினர் சைகையினாலே கேட்டார்கள், அவர் எழுத்துப்பலகை கேட்டு வாங்கி எழுதினார். அந்நாளில் யூதேயா மலைநாட்டு உறவினருக்குத் தோன்றினது நமக்குத் தோன்றவில்லை.

அவளும் பள்ளியில் கற்றபடி ஜெபித்துக் காட்டினாள். கண்கள் திறந்திருந்தன. தாயின் முகத்தைப் பார்த்து, பிறகு மேலே பார்த்து, கைகளால் ஜெபித்தாள். எனக்கு அதில் நாலு வார்த்தைதான் விளங்கிற்று. தாய்க்கு எல்லாம் விளங்கிற்று.

ஊர்ச் சபையைப் பற்றிக் கேட்டேன். ஞாயிறுதோறும் போவாளாம். பிரசங்க நேரத்தில் என்ன செய்வாய் என்றேன். வேதாகமத்தின் கடைசியில் இருக்கிற தேசப்படங்களைப் பார்ப்பாளாம். பவுலின் மூன்று பிரயாணங்களும் அவளுக்கு ஊர் ஊராகத் தெரியும். எனக்குத் தெரியாது.

இந்தக் காரியத்தை நிர்வாகக் குழுவில் சொன்னேன். தாய் சொல்ல வேண்டாம் என்றார்களே, அந்த விருப்பத்தை மதிக்க வேண்டாமா என்று மருத்துவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் காது கேட்கிற மகளாக இருந்திருந்தால் நாம் தாயிடம், "அவளுக்கும் சொல்லுங்கள் அம்மா, அவள்தானே உங்களைப் பார்த்துக்கொள்ளப்போகிறாள்" என்று எடுத்துச் சொல்லியிருப்போம். இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. எப்படிச் சொல்வது என்ற பயந்தான் எங்களுக்குத் தாயின் விருப்பமாகத் தெரிந்தது. இது என் அபிப்பிராயம். அந்த மருத்துவர் இன்னும் முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை.

நீங்கள் அனுப்பிய காணிக்கையில் இப்பொழுது ஒவ்வொரு வார்டிலும் எழுதி அழிக்கிற சிறு பலகைகள் வைத்திருக்கிறோம். பெரிய திரையுள்ள ஒரு செல்போன் செவிலியர் மேஜையில் இருக்கிறது. காதுகேளாதோர் பள்ளி ஆசிரியை ஒருவர் தேவைப்படும்போது வீடியோவில் வந்து மருத்துவர் சொல்வதைச் சைகையில் சொல்லச் சம்மதித்திருக்கிறார்கள். அறுவைச் சிகிச்சைக்கு மட்டும் நேரில் வருவார்கள். அவர்களுக்குப் பயணச் செலவு கொடுக்க வேண்டும். இரண்டு செவிலியர் அடிப்படைச் சைகைகள் கற்கிறார்கள். வலி எங்கே, எப்பொழுதிலிருந்து, சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா. பெரிய சாதனை ஒன்றும் இல்லை. போன மாதம் ஒரு காதுகேளாத தகப்பனார் குழந்தையோடு வந்தபோது பலகை அலமாரியில் பூட்டியிருந்தது, சாவி வைத்திருந்தவர் லீவு. இதையும் உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

உங்களில் ஒரு சகோதரியார் அந்தப் பிள்ளைக்குக் காதுக்கருவி வாங்கித்தர முன்வந்தார்கள். அன்புக்கு நன்றி. அவளிடம் கேட்டேன். சிறு வயதில் போட்டுப் பார்த்ததாம், அவள் காதுக்குப் பயனில்லை. இந்த வயதில் வேறு சிகிச்சையும் வேண்டாம் என்கிறாள். அந்தப் பணத்தை ஆசிரியையின் பயணச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று அவளே கேட்கிறாள். சகோதரியார் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.

பரீட்சையில் ஒரு பாடம் தவறிவிட்டது. மறுபடி எழுதித் தேறிவிட்டாள். தாய்க்குச் செயற்கைக் கால் பொருத்தியாயிற்று. வீட்டுக்குள் நடக்கிறார்கள், பீடித் தட்டை மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டார்கள். வாஷிங்டன் கல்லூரி ஆசை என்னவாயிற்று என்று கேட்டேன். அது இருக்கிறதாம், ஆனால் இப்பொழுது வங்கிப் பரீட்சைக்குப் படிக்கிறாளாம், கூடவே கம்பளி நூலில் பை பின்னுகிறாளாம்.

எனக்கும் அவள் ஒரு சைகைப் பெயர் வைத்திருக்கிறாள். ஆட்காட்டி விரலால் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளுவது. சென்ற வாரம் வீடியோவில் வந்தாள். ஏதோ சொன்னாள், எனக்கு விளங்கவில்லை. மறுபடி சொன்னாள். மூன்றாம் தடவை மெதுவாகச் செய்து காட்டினாள். அப்பொழுது விளங்கிற்று. கண்ணாடி அழுக்காக இருக்கிறது ஐயா, துடைத்துப் போடுங்கள் என்கிறாள்.